தகுந்த காரணம்

கோச் ராய்ஸ் டிலார்டை வேலையை விட்டு அனுப்புவதென்று முடிவானது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வேட் ஸ்டோல்ட்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். கார்வெல் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி முந்தின நாள்தான் சொந்த மைதானத்தில் மானம் போகத் தோற்றிருந்தது. பாதி ஆட்டத்திலேயே ஜனங்கள் எழுந்து போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு, கோச்சின் பெயரைச் சொல்லித் திட்டுவதற்காகவே உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டோல்ட்ஸ் அந்தப் பக்கத்து மாட்டுப் பட்டிகளில் பாதிக்குச் சொந்தக்காரர். ஸ்டேடியத்தின் மேற்குப் பக்கம் அவர் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் போதும் என்றால் போதும்தான்.

விளையாட்டுத் துறையின் துணை டைரக்டர் மார்லா நோவோட்னிக்கு விஷயம் தெரிந்தது திங்கட்கிழமை காலை. டைரக்டர் ஹன்சக்கர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் டெக்சாஸிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவர் குரல் உயர்ந்து அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை.

"உட்காருங்க மார்லா. சுத்தி வளைக்கல. ராய்ஸ் போறார்."

"சீசன் முடியட்டுமே. இன்னும் ரெண்டு மேட்ச்தானே?"

"மேட்ச் இல்ல பிரச்சினை. ஒப்பந்தம் இன்னும் நாலு வருஷம் ஓடுது. ஜெயிச்ச மிதப்புல நாமளேதான் நீட்டிக் கொடுத்தோம். இப்ப அனுப்பினா நாலு வருஷச் சம்பளத்தையும் கையில கொடுத்துத்தான் அனுப்பணும்."

"ஸ்டோல்ட்ஸ் கொடுக்க மாட்டாரா?"

"புது கோச்சுக்குக் கொடுப்பாராம். பழையவருக்குக் கிடையாதாம். செத்த மாட்டுக்குத் தீவனம் போடற வழக்கம் எங்க குடும்பத்துல இல்லைன்னுட்டார்."

மார்லா சிரிக்கவில்லை. ஹன்சக்கர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்ப துறைக்குள்ளேயிருந்துதான் எடுக்கணும்" என்றார். "நீச்சல் அணியையும் டென்னிஸ் அணியையும் கலைச்சு."

அவர் நீச்சல் என்று சொன்னபோது மார்லாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. மார்லா அந்த அணியில் நீந்தியவள். பிறகு அதே அணிக்கு ஒன்பது வருஷம் கோச்சாக இருந்தவள். இப்போது கோச்சாக இருக்கும் ஹெய்டி அன்ரூ அவளிடம் நீந்தப் படித்த பெண்.

"பொண்ணுங்க அணியை எடுத்தா சட்டம் சும்மா விடாது. பசங்களுக்குச் சமமா பொண்ணுங்களுக்கும் இடம் கொடுத்தாகணும்."

"வக்கீல்கிட்ட கேட்டாச்சு. கரணம் போடற அணி ஒண்ணு ஆரம்பிச்சா அம்பது பொண்ணுங்களைச் சேர்த்துக்கலாம். குளம் வேண்டாம், சுடுதண்ணி வேண்டாம், ஒரு பாய் போதும். சட்டத்துக்குத் தேவை தலைக்கணக்குதானே?" கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகச் சொன்னார்: "இன்னொரு வழியும் இருக்கு. தகுந்த காரணம் இருந்தா ஒப்பந்தத்தை அன்னிக்கே முறிக்கலாம். சல்லிக்காசு தர வேண்டாம். நீச்சலும் பிழைச்சுக்கும். விதிமுறையெல்லாம் உங்க பொறுப்பு. ராய்ஸை இருபது வருஷமாத் தெரியும் உங்களுக்கு. ஏதாவது இருக்கா?"

"இல்ல" என்றாள் மார்லா.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிச்சுப் பாருங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? அது அவள் மனதில் முன்னாலேயே வந்து நின்றுவிட்டது.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் நடந்த விஷயம். கீயான் புரூயிட் என்றொரு பையன், ஆர்கன்சா டெல்டாவிலிருந்து வந்தவன். கதவை அடைத்து நிற்கிற உடம்பு, அதற்குள் பூனைக்குட்டி மாதிரி ஒரு குரல். ஊரில் அவன் அம்மா வெர்லீன் இருந்த வாடகை வீடு எரிந்துபோயிற்று. போக்கிடம் இல்லாமல் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு அவள் பஸ் ஏறி மகனிடம் வந்துவிட்டாள். மகனோ விடுதி அறையை இன்னொருவனோடு பங்கு போட்டுக்கொண்டிருப்பவன். வெளியே மூக்கு நுனி உறைகிற குளிர். ராய்ஸ் அவர்களைத் தன் வீட்டு பேஸ்மென்ட்டில் தங்கவைத்தான்.

மார்லாவுக்குப் போன் போட்டவள் ராய்ஸின் மனைவி ஜோலீன். வீட்டில் மெத்தை போதவில்லை என்றாள். மார்லா தன் கராஜில் கிடந்த ஒன்றை வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனாள். மூன்று பேருமாகப் படிக்கட்டில் அதை இறக்கும்போதுதான் மார்லா சொன்னாள்:

"ராய்ஸ், இது விதிக்கு விரோதம். வீரனோட குடும்பத்துக்கு நாம பச்சத்தண்ணி கொடுத்தாக்கூட கல்லூரி விளையாட்டுச் சங்கத்துக்கு எழுதி அனுமதி வாங்கணும்."

"எழுது. பதில் எப்ப வரும்?"

"மூணு வாரம் ஆகும்."

"அதுவரைக்கும் அந்தக் குட்டி எங்க தூங்கும்? ஸ்டேடியத்துலயா?"

மார்லா மெத்தையின் தன் பக்கத்து முனையைத் தரையில் வைத்தாள். "சரி, நான் எதையும் பார்க்கல. நீ அந்தப் பக்கம் பிடி" என்றாள். ஜோலீன் சிரித்துவிட்டாள். வேலை முடிந்து, பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லிக் குழம்பும் சினமன் ரோலும் சாப்பிட்டுவிட்டுத்தான் மார்லா வீட்டுக்குப் போனாள். வெர்லீனுக்கு இறைச்சி ஆலையில் வேலை கிடைத்து, ஊர்க்கோடியில் ஒரு டிரெய்லர் வீடு பார்த்துக்கொண்டு போகும்வரை அவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

விதி பிற்பாடு எவ்வளவோ மாறிவிட்டது. இப்போது பதினெட்டு வயசுப் பையனுக்குக் காரும் கொடுத்துக் காசும் கொடுக்கிறார்கள், பத்திரிகையில் போட்டோவும் வருகிறது. அன்றைக்கு ஒரு மெத்தை குற்றம்.

செவ்வாயும் புதனும் மார்லா பேசாமலிருந்தாள். புதன்கிழமை சாயங்காலம் குளத்துப் பக்கம் போனாள். ஹெய்டி கரையில் நடந்துகொண்டே கத்திக்கொண்டிருந்தாள்: "ஏ பிரின், உன் முழங்கை என்ன விருந்துக்கா போகுது? இழுத்துத் தள்ளு!" பெண்கள் தண்ணீரை அறைந்துகொண்டு போனார்கள். மார்லாவைப் பார்த்ததும் ஹெய்டி ஓடி வந்தாள்.

"என்ன, பெரிய அதிகாரி குளோரின் வாசனை பிடிக்க வந்தாச்சு? இந்த வருஷம் ரிலே எப்படி வருது பாரு. நம்ம லீக்ல மூணாவது வருவோம். எழுதி வெச்சுக்க."

"பார்க்கறேன்."

"ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"பல்வலி" என்றாள் மார்லா.

மறுநாள் காலை ஹன்சக்கர் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே சொன்னாள். "கீயான் புரூயிட்டோட அம்மாவும் தங்கச்சியும் ராய்ஸ் வீட்டு பேஸ்மென்ட்ல தங்கியிருந்தாங்க. ரெண்டு மாசம். வாடகை இல்லாம."

ஹன்சக்கர் ஆச்சரியப்படவில்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊர்ல பேச்சு."

"நன்றி மார்லா. இது உங்களுக்குச் சுலபமா இருந்திருக்காது."

ராய்ஸைக் கூப்பிட்டது அதற்கடுத்த செவ்வாய். ஹன்சக்கர், பல்கலைக்கழக வக்கீல், மார்லா மூவரும் நீள மேசையின் ஒரு பக்கம். ராய்ஸ் பயிற்சி உடையிலேயே வந்து எதிரே உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான். தோற்றதற்காகத் திட்டு விழும் என்றுதான் நினைத்து வந்திருந்தான். வக்கீல் பேஸ்மென்ட் என்ற வார்த்தையைச் சொன்னதும் அவன் கண் ஒரு தரம் மார்லா பக்கம் வந்தது. அப்புறம் வரவில்லை.

"நடந்தது உண்மையா மிஸ்டர் டிலார்ட்?"

"உண்மை."

"அனுமதி வாங்கினீங்களா?"

"வாங்கல."

"வேற யாருக்குத் தெரியும்? உதவினவங்க யாராவது?"

ராய்ஸ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என் பெண்டாட்டிக்குத் தெரியும். எங்க வீடாச்சே, அவளுக்குத் தெரியாம எப்படி? வேற யாரும் இல்ல."

வக்கீல் எழுதிக்கொண்டார். ராய்ஸ் அந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டு எழுந்தான். தாழ்வாரத்தில் மார்லா பின்னாலேயே போனாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் நின்று, அவள் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்தபடி பேசினான்.

"என்னை விடு. ரெண்டு வருஷமா மோசமாத்தான் ஆடினோம், அனுப்பறதுன்னா அனுப்பட்டும். அந்தப் பையனை விட்டுடச் சொல்லு. அவனுக்கு இன்னும் ஒரு சீசன் இருக்கு. பெரிய தொழில்முறை டீம் ஆளுங்க பார்த்துட்டுப் போயிருக்காங்க அவனை."

"பார்த்துக்கறேன் ராய்ஸ்."

"பார்த்துக்க" என்றான் அவன். குரலில் கிண்டல் இருந்ததா என்று அப்புறம் பல நாள் யோசித்தாள்.

அவளால் பார்த்துக்கொள்ள முடியவில்லை. கோச் செய்தது குற்றம் என்று எழுதிவிட்டு, அதை அனுபவித்த வீரன் சுத்தம் என்று எழுத வழியில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். சங்கத்துக்கு அறிக்கை போயிற்று. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பதில் வந்தது: கீயான் புரூயிட் வரும் சீசன் ஆடக்கூடாது. அதுதான் அவனுடைய கடைசி சீசன்.

பதிலை அவனிடம் சொல்வது மார்லாவின் வேலை. அவன் அவள் அறையின் சின்ன நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்து, காகிதத்தை வாங்காமல், அவள் வாயால் சொன்னதைக் கேட்டான்.

"எங்கம்மா எங்க தூங்கினாங்கன்னா, அதுக்கு நான் ஆட முடியாதா மிஸ் மார்லா?"

"விதி அப்படி இருக்கு கீயான்."

"சரி மேடம்." எழுந்து கதவுவரை போய்த் திரும்பினான். "விசாரிக்க வந்தவங்க கேட்டாங்க, இன்னும் யாரெல்லாம் வந்தாங்க, என்ன கொண்டு வந்தாங்கன்னு. உங்க பேரை எடுக்கக்கூடாதுன்னு கோச் சொல்லியிருந்தாரு. நான் எடுக்கல. அம்மாவும் எடுக்கல. நீங்க பயப்பட வேண்டாம்."

அவன் அதை ஆறுதலாகத்தான் சொன்னான். காட்டிக்கொடுத்தது யாரென்று அவனுக்குத் தெரியாது. மார்லா வாய் திறந்தாள். "குளிர் அதிகமா இருக்கு, பார்த்துப் போ" என்றாள்.

ஜனவரியில் கீயான் படிப்பை விட்டான். அம்மா வேலை பார்க்கிற ஆலையிலேயே சேர்ந்துகொண்டான். கொஞ்ச நாளில் ராய்ஸ் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டார்கள்.

புது கோச்சை அறிவித்த விழாவுக்கு ஊரே திரண்டது. பேண்டு வாசித்தார்கள். அலபாமாவிலிருந்து வந்த இளைஞன், பல்வரிசை பளிச்சென்று. அவன் சம்பளம் ராய்ஸின் சம்பளத்தைவிட ஒன்றரைப் பங்கு. கூடவே தன் உதவியாளர்கள் ஒன்பது பேரை அழைத்து வந்தான். குளிர்காலத்தில் பயிற்சி செய்ய ஒரு மூடிய மைதானம் வேண்டும், அது இல்லையென்றால் நல்ல பையன்கள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்றான். ஸ்டோல்ட்ஸ் பாதி தருகிறேன், பாதியைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளட்டும் என்று மேடையிலேயே சொன்னார். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. மார்லாவும் தட்டினாள்.

மார்ச் மாதம் ஹன்சக்கர் கூப்பிட்டார். பழைய நாற்காலி, பழைய குரல்.

"நீச்சலும் டென்னிசும் இந்த வருஷத்தோட நிறுத்தறோம்."

மார்லா முதலில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாள். "அதைக் காப்பாத்தத்தானே..."

"அன்னிக்குக் காப்பாத்தினோம். இது வேற செலவு."

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவள் கதி தனக்கு வந்துவிட்டது என்று அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் சங்கத்துக்கு எழுதறேன். அந்த மெத்தை என்னோடது. நான் அங்க இருந்தேன். விதியைப் பார்த்துக்க வேண்டியவ நான், நானே தலையாட்டினேன்னு எழுதறேன்."

"தெரியும்" என்றார் ஹன்சக்கர்.

"என்ன தெரியும்?"

"ராய்ஸ் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரன் ஸ்டோல்ட்ஸ்கிட்ட வேலை பார்க்கறவன். உங்க வண்டியையும் பார்த்திருக்கான், மெத்தையையும் பார்த்திருக்கான். அந்த ஞாயித்துக்கிழமை சாப்பாட்டு மேசையிலேயே பேச்சு வந்துடுச்சு."

"அப்ப என்னை ஏன் கேட்டீங்க?"

"எதிர்வீட்டுக்காரன் சொன்னா வம்பு மார்லா. நீங்க சொன்னாத்தான் காரணம்." அவர் குரலில் குற்றம் சாட்டுவதோ வருத்தப்படுவதோ இல்லை. "எழுதறதுன்னா எழுதுங்க. நீச்சல் திரும்பி வராது. கீயான் பேர்ல இன்னொரு குத்தம் சேர்ந்தாலும் சேரும். உங்களுக்கு ஜூன் மாசம் முப்பது வருஷம் முடியுது. முழு பென்ஷனுக்கு மூணு மாசம் இருக்கும்போது வேலை போனா எப்படியிருக்கும்னு மட்டும் யோசிச்சுக்குங்க. பொண்ணுங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. ஈமெயில்ல தெரிஞ்சுக்கறதைவிட நல்லது."

அவள் குளத்துக்குப் போனாள். பயிற்சி முடிந்து பெண்கள் ஈரத் தலையோடு, துண்டைப் போர்த்திக்கொண்டு, படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். லீக் போட்டியில் மூன்றாவது வந்த குஷி இன்னும் போகவில்லை. ஏதோ பாராட்டு சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று முகங்களெல்லாம் மலர்ந்திருந்தன. மார்லா சொல்லி முடித்தாள். யாரும் கத்தவில்லை. ஒரு பெண் மட்டும் துண்டில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பிரின் என்கிற பெண் கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குகிற மாதிரி. "நாங்க நல்லா நீந்தலையா?"

"நீங்க நல்லாத்தான் நீந்தினீங்க."

"அப்புறம் எதுக்கு?"

ஹெய்டி பின்னாலிருந்து மார்லாவைக் கேட்டாள். "உனக்கு எப்ப தெரியும்?"

"இன்னிக்குக் காலையில."

"நம்ம பேரு முதல்ல எப்ப அடிபட்டுச்சு?"

"நவம்பர்ல."

"நவம்பர்ல" என்றாள் ஹெய்டி. "நவம்பர்ல நான் மூணு பொண்ணுங்களோட வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அவங்க அம்மா அப்பாகிட்ட வாக்குக் கொடுத்து இங்க சேர்த்துட்டு வந்தேன். நீதான் பயணத்துக்குக் கையெழுத்துப் போட்டே."

"நான் இதைத் தடுக்கத்தான் பார்த்தேன் ஹெய்டி."

"எப்படி?"

அதைச் சொல்ல முடியாது. ஹெய்டி காத்திருந்து பார்த்துவிட்டு, பெண்கள் பக்கம் திரும்பி, "போய்த் தலையைத் துவட்டுங்க. சளி பிடிக்கும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் மார்லாவோடு வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. மே மாதம் கொலராடோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள்.

மார்லா கடிதத்தை எழுதினாள். ஏப்ரலிலேயே எழுதிவிட்டாள். தபாலில் போட்டது ஜூன் கடைசியில், முப்பது வருஷத்துக்கான கேக்கை வெட்டி, கண்ணாடிக் கேடயத்தை வாங்கிக்கொண்டு, பென்ஷன் உறுதியான பிறகு. அதற்குள் கீயானுக்கு ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஹன்சக்கர் பயமுறுத்தியது போல எதுவும் நடக்கவில்லை. விதிக்குப் பொறுப்பான அதிகாரியே உடனிருந்து உதவியபோது அந்தப் பையன் அதைச் சரியென்று நம்பியதில் தவறில்லை என்று சங்கம் எழுதியது. தடையை நீக்கிவிட்டார்கள். பதில் வந்தது ஆகஸ்ட் நடுவில். அணிகள் பயிற்சி தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. மார்லா புது கோச்சின் அறைக்குப் போன் போட்டாள். உதவியாளன் ஒருவன் மரியாதையாகப் பேசினான். கீயானின் இடத்தையும் உதவித்தொகையையும் மே மாதமே ஜார்ஜியாவிலிருந்து வந்த ஒருவனுக்குக் கொடுத்தாகிவிட்டது என்றான். ஏப்ரலில் தெரிந்திருந்தால் யோசித்திருக்கலாம் என்றும் சொன்னான். வேறு இரண்டு கல்லூரிகளிலும் விசாரித்தாள். எல்லா இடமும் நிரம்பிவிட்டது.

ஆனாலும் சொல்லவேண்டும் என்று வெர்லீன் வீட்டுக்குப் போனாள். தெற்குக் காற்று பட்டி வாசனையை அள்ளிக்கொண்டு வந்தது; ஊர்க்காரர்கள் அதைக் காசு வாசனை என்பார்கள். வெர்லீன் டிரெய்லர் வீட்டின் படியில் உட்கார்ந்து, இளைய மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க மிஸ் மார்லா. உள்ள சூடு அதிகம். இங்கேயே உட்காருங்க."

மார்லா உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மெத்தையை மட்டுமல்ல, நவம்பரில் ஹன்சக்கர் அறையில் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள். வெர்லீனின் விரல்கள் கொஞ்ச நேரம் நின்று, பிறகு மறுபடி பின்னத் தொடங்கின.

"நீங்களா" என்றாள்.

"நான்தான்."

"கோச் அப்பவே சொன்னாரு, உள்ளேயிருந்துதான் யாரோ சொல்லியிருக்காங்கன்னு. நீங்களா இருக்காதுன்னு நான்தான் அவர்கிட்ட சண்டை போட்டேன். உங்களை இழுத்து விட்டுடக்கூடாதேன்னு என் புள்ளைகிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

உள்ளேயிருந்து கீயான் வந்தான். ஆலைக்குப் போகிற ரப்பர் பூட்ஸ், கையில் ஹெல்மெட். எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை. மெலிந்திருந்தான். ஒரு தோள் கீழே சரிந்திருந்தது, நாள் முழுக்கக் கத்தி பிடிக்கிறவர்களுக்குச் சரிகிற மாதிரி. மார்லா காகிதத்தை நீட்டினாள். இந்தத் தடவை வாங்கினான். முழுதும் படித்தான்.

"அப்ப நான் ஆடலாம்."

"ஆடலாம்."

"எங்க, மிஸ் மார்லா?"

அவன் காகிதத்தை நாலாக மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தான். அம்மாவின் தலையைத் தொட்டுவிட்டுப் படியிறங்கி, தெருவில் நிறுத்தியிருந்த பழைய பிக்கப் வண்டிக்குப் போனான். வண்டி இரண்டு தடவை முனகி, மூன்றாவது தடவை கிளம்பியது.

வெர்லீன் பின்னலின் நுனியில் ரப்பர் போட்டாள். "ஆளுங்க குறைவா இருக்காங்கன்னு அவனை மாடு வெட்டற வரிசையில போட்டிருக்காங்க" என்றாள், பொதுவாக, யாரிடமோ சொல்வது போல. "நீங்க போங்க மிஸ் மார்லா. நானும் குளிச்சிட்டுக் கிளம்பணும்."